எச்சில் வாளி

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உமா மகேஸ்வரி விலாஸ் என்று ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. மத்தியானம் ஆகிவிட்டால் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நின்றுகொள்வார். முன்னால் இருப்பவர் மோருக்கு வந்துவிட்டாரா, இன்னும் ரசத்திலேயே மிதக்கிறாரா என்று எட்டி எட்டிப் பார்ப்பார். அப்படி நிற்க வெட்கப்படுகிறவர்கள் பட்டினியாகப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அந்தக் கடையில் இரண்டு விதமான வாளிகள் உண்டு. பளபளவென்று துலக்கி வைத்த பித்தளை வாளிகளில் சாம்பாரும் ரசமும் போகும். ஒரே ஒரு தகர வாளியில் எச்சில் இலை போகும். பித்தளை வாளி தூக்குகிறவர் தகர வாளியைத் தொட மாட்டார். தகர வாளி தூக்குகிறவர் பித்தளை வாளி இருக்கும் சமையல்கட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது. இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி மாட்டி வைக்கவில்லை. எழுதி மாட்டியிருந்தால் யாராவது ஒருத்தராவது கிழித்துப் போட்டிருப்பார். எழுதாத சட்டத்தை எங்கே போய்க் கிழிப்பது?

பலவேசம் அங்கே தலைமை சப்ளையர். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நெற்றியில் திருநீறு. வாடிக்கைக்காரர்களில் யாருக்குக் கூட்டு பிடிக்கும், யாருக்கு அப்பளம் இரண்டு வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே போடுவார். தகர வாளிக்காரர் சாலமோன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் காலனியிலிருந்து சைக்கிளில் வருவார். பலவேசத்தின் வயதுதான். அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பொடியன்களெல்லாம் சப்ளையர் ஆகி, மீசை முளைத்து, கல்யாணமும் செய்துகொண்டார்கள். சாலமோன் தகர வாளியோடு நின்ற இடத்திலேயே நின்றார். முதலாளி முதல் மாவாட்டுகிறவன் வரை எல்லாரும் அவரை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார்கள். பலவேசம் ஒருத்தர்தான் மரியாதையாக 'வே' என்பார். அதிலே பலவேசத்துக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு வருஷம் ஆடி மாசம், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்குப் புரையேறிவிட்டது. கண் பிதுங்கி, மூச்சுக்குத் தவிக்கிறார். சப்ளையர்கள் எல்லாம் தூரத்தில். பக்கத்தில் நின்ற சாலமோன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, மேசையில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து அவர் வாயில் ஊற்றினார். பெரியவர் பிழைத்தார். ஆனால் சமையலை நடத்துகிற சரக்கு மாஸ்டர் உள்ளேயிருந்து பார்த்துவிட்டார். அந்தச் செம்பைச் சாலமோன் கையாலேயே பின்பக்கம் கொண்டுபோய் வைக்கச் சொல்லி, பிறகு புளி போட்டுத் தேய்த்தார்கள். பெரியவர் தொண்டையை மட்டும் யாரும் தேய்க்கவில்லை. பலவேசத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையாகவே இறங்கவில்லை, அந்த மனுஷனைப் பற்றி இதை நாம் ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அதே வருஷம், அம்பேத்கர் நூற்றாண்டு விழா முடிந்த கையோடு ஊரில் ஒரு தொண்டர் சங்கம் உண்டாகியிருந்தது. அதை நடத்தியவர் சுந்தர்ராமன். தபால் ஆபீஸில் வேலை. நல்ல மனிதர், ஆனால் பேச ஆரம்பித்தால் எதிராளி வீட்டுக்குப் போக வேண்டியவன் என்பது மறந்துபோகும். அவர்தான் ஓட்டல் தொழிலாளிகளைக் கூட்டி, வாசகசாலை மாடியில் உட்கார வைத்துப் பேசினார். இந்த ஊரிலே எந்த ஓட்டலிலாவது காலனி ஆள் ஒருத்தர் சப்ளையராக இருக்கிறாரா, இலை எடுக்கிறவர்களும் பாத்திரம் தேய்க்கிறவர்களும் ஏன் ஒரே தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டார். வெளியிலிருந்து நாங்கள் வந்து கேட்டால் சண்டைக்கு வந்தார்கள் என்று முதலாளிகள் சொல்வார்கள், உள்ளே வேலை செய்கிறவர்களே தொண்டர்களாக முன்வந்து அவரவர் கடையில் கேட்க வேண்டும் என்றார். "யாராவது முன்வாரீங்களா?" என்று நிறுத்தினார்.

எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். பலவேசத்துக்குச் செம்பு ஞாபகம் வந்தது. அதோடு, அத்தனை பேர் தலை குனிந்திருக்கும் இடத்தில் ஒரு தலை நிமிர்ந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசையும் வந்தது. கை தூக்கினார். சுந்தர்ராமன் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். இதில் யாருக்கும் தோன்றாமல் போனது ஒன்றுதான். சாலமோனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சுந்தர்ராமனுக்கும் தோன்றவில்லை, பலவேசத்துக்கும் தோன்றவில்லை.

மறுநாள் கடை திறந்ததுமே பலவேசம் கல்லா முன்னால் போய் நின்றார். முதலாளி தாணுமாலையன் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்.

"என்னவே, மூஞ்சி ஒரு தினுசா இருக்கு?"

"ஒரு விசயம் பேசணும் மொதலாளி. சாலமோனுக்குப் பெறவு வந்தவனெல்லாம் சப்ளையர் ஆயாச்சு. அவரு மட்டும் எலையே எடுத்துக்கிட்டு நிக்காரு. இது சரியில்ல. நான் சங்கத்து சார்பாத்தான் கேக்கேன்."

தாணுமாலையன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பலவேசம் பிழைத்திருப்பார். அவர் ஊதுபத்தியைச் சாமி படத்தில் செருகிவிட்டு, எல்லாரையும் கூப்பிட்டார். சப்ளையர்கள், சரக்கு மாஸ்டர், மாவாட்டுகிறவன் எல்லாரும் வந்து நின்றார்கள். சாலமோன் பின்வாசல் பக்கம் தள்ளி நின்றார்.

"பலவேசம் சொல்லுததக் கேளுங்க. எலை எடுக்குதது கேவலமான வேலைன்னு சொல்லுதாரு."

"நான் அப்படிச் சொல்லலியே மொதலாளி. எந்த வேலையும் கேவலம் இல்ல. இன்ன ஆளுதான் செய்யணும்னு வைக்கதுதான் கேவலம்." சுந்தர்ராமன் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டதில் பலவேசத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"நல்லாச் சொன்னீரு. நானும் அதத்தான் சொல்லுதேன். இன்ன ஆளுதான் எடுக்கணும்னு இல்ல, யாரும் எடுக்கலாம். சரி, இன்னையிலேருந்து சாலமோன் சப்ளையர். அப்பம் எலை எடுக்க ஒரு ஆளு வேணும்லா? கேவலம் இல்லாத வேலை, யாரு எடுக்குதீங்க?"

சப்ளையர்கள் ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் நகர்ந்துகொண்டார்கள்.

"பின்ன என்ன, முன்னுக்கு நிக்கதே பலவேசம்தான. அவரு எடுக்கட்டும்."

சாலமோன் வாசலிலிருந்து, "மொதலாளி, எனக்கு அதெல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"நீ சும்மா இருலே. ஒனக்காவத்தான் அவரு பேசுதாரு."

முடியாது என்று பலவேசம் சொல்லியிருக்கலாம். ஆனால் முடியாது என்றால், ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சொன்னது பொய். முடியும் என்றால், தகர வாளி. எலிப்பொறிக்குள் தானாக நடந்துபோய், கதவையும் தன் வாலாலேயே சாத்திக்கொண்ட எலி மாதிரி நின்றார். "சரி மொதலாளி" என்றார்.

இப்போது, அவர் வீட்டு நிலவரம் தெரிந்தால்தான் இந்த 'சரி' எவ்வளவு பெரிய குழி என்பது விளங்கும். மகள் ஆவுடையம்மாளுக்கு ஒரு வரன் கூடி வந்திருந்தது. பையன் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை. அப்பா முக்கூடல் சுடலைமாடன். வயல், தோப்பு என்று கொஞ்சம் மிதப்பான ஆள். பெண்ணைப் பார்த்துப் பிடித்துப் போயிருந்தது. தேதி குறிப்பதுதான் பாக்கி. இதற்கு முன்னால் வந்த வரன்களெல்லாம் ஒவ்வொரு சாக்கில் தட்டிப் போய், ஆவுடை யார் வந்தாலும் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துகொள்கிற நிலைக்கு வந்திருந்தாள். இந்த வரனுக்குத்தான் அவள் முதல்முதலாக மாப்பிள்ளை பேர் என்ன என்று அம்மாவிடம் கேட்டாள்.

பலவேசம் விஷயத்தைச் சொன்னதும் மனைவி சண்முகசுந்தரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இங்கேருங்க, அவிய காதுக்குப் போனா என்ன ஆவும்? எச்சி எலை எடுக்குதவன் மவள எவன் கட்டுவான்? நம்ம ஆளுகளே வாசப்படி மிதிக்க மாட்டாவ."

"கொஞ்ச நாளுதான். நான் பைய மொதலாளிகிட்டப் பேசி மாத்திக்கிடுதேன்."

"நீங்க பேசினதுலதான இம்புட்டும்."

இலை எடுப்பது அவர் நினைத்ததுபோல் இல்லை. சாம்பார் ஊற்றும்போது மனிதர்களின் முகம் தெரியும். இலை எடுக்கும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. எழுந்து போகிறவர்களின் வேட்டிதான் தெரியும். நேற்றுவரை "பலவேசம், சொகமா?" என்று கேட்ட வாடிக்கைக்காரர்கள் அவர் வாளியோடு வந்ததும் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தார்கள். ரசத்தில் நனைந்த இலை கையில் வழுக்கும். வீட்டில் எத்தனை சோப்புப் போட்டாலும் விரலில் புளித்த மோர் வாசம் போகாது. சாலமோன் இத்தனை வருஷம் இதையா செய்தார் என்று நினைக்கும்போது நெஞ்சு அடைத்தது. எப்போது திரும்பப் பித்தளை வாளி கைக்கு வரும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன.

சாலமோனோ முதல் நாள் சமையல்கட்டு வாசற்படியில் வந்து நின்றுவிட்டார். கால் தாண்டவில்லை. சரக்கு மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாம்பார் வாளியைத் தரையில் வைத்துத் தள்ளினார். சாலமோன் குனிந்து எடுத்தார். வக்கீல் குமாஸ்தா ஒருவர் அவர் கையைப் பார்த்துவிட்டு வேறு மேசைக்கு மாறினார். மற்றவர்களுக்குப் பசி. பசித்தவன் சாம்பாரைப் பார்ப்பானா, கையைப் பார்ப்பானா? நாள் போகப் போக சாலமோனின் நடை மாறியது. வீட்டில் அவர் மனைவி வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, தேய்த்து அனுப்பினாள். ஒரு நாள் பொரியல் போட்டுக்கொண்டே ஒரு குழந்தையிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். சாலமோனுக்குப் பல் வரிசை அவ்வளவு நன்றாக இருக்கும் என்பதே பலவேசத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால் முதலாளியிடம் போய்ப் பேசுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் போனார்.

"மவ கல்யாணம் முடியுத வரைக்கும் நான் பழைய வேலையில இருக்கட்டுமா மொதலாளி? வேற யாரையாவது எலைக்குப் போடலாமே."

"வேற ஆளு எவன் வருவான்? சாலமோனத் திரும்பப் போடலாம். ஆனா நான் போட மாட்டேன்ப்பா. நாளைக்கு ஒங்க சங்கம் வந்து கடை வாசல்ல கோசம் போடும். நீரே போயி அங்கன சொல்லிட்டு வாரும். தடையில்லாம மாத்திருதேன்."

அங்கே எப்படிச் சொல்வது? சுந்தர்ராமன் அவரைக் கூட்டத்துக்குக் கூட்டம் எழுப்பி நிற்க வைத்துக் கைதட்டச் சொல்கிறார். தென்காசியிலிருந்து இரண்டு பேர் அவர் இலை எடுப்பதைப் பார்ப்பதற்கென்றே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கைதட்டலுக்கு நடுவில் நின்றுகொண்டு, எனக்கு இது வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வீட்டில் சண்முகசுந்தரி பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஆவுடை மட்டும் அப்பா குளிக்கப் போகும்போது தனியாக ஒரு வாசனைச் சோப்பை எடுத்து வைத்தாள். அவளுக்குத் தெரியும் என்று அப்போது அவருக்குப் புரிந்தது.

ஐப்பசி அமாவாசை அன்று பாபநாசத்தில் முழுகிவிட்டு வருகிற கூட்டம் மொத்தமும் அம்பாசமுத்திரத்தில் இறங்கியது. கடையில் கால் வைக்க இடமில்லை. பலவேசம் வாசலை ஒட்டிய மேசையில் குனிந்து கடைசி இலையை வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினால் வாசலில் சுடலைமாடன். பின்னால் அவர் மனைவியும் அண்ணனும். ஈரத் தலை, நெற்றி நிறையத் திருநீறு.

பின்வாசலுக்குப் போக வேண்டுமானால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாளியோடு போக வேண்டும். முன்வாசலில் அவர்களே நிற்கிறார்கள். காலால் வாளியை மேசைக்கு அடியில் தள்ளினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அதற்குள் சுடலைமாடன் பார்த்துவிட்டார். வாளியைப் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்த்தார்.

"அன்னா நிக்காருல்லா நம்ம சம்மந்தி. ஒம்ம கடையில சாப்பிடணும்னே பஸ்ஸ விட்டு எறங்கிட்டோம் பாத்துக்கிடும்."

"வாங்க, வாங்க. இங்கன உக்காருங்க."

"அதெல்லாம் உக்காருதோம். நீருதான் பரிமாறணும். வேற ஆளு வந்தா நாங்க எந்திரிச்சிருவோம்."

அண்ணனும் மனைவியும் சிரித்தார்கள். பலவேசமும் சிரித்தார். அந்த வரிசை சாலமோனுடையது. அவர் பித்தளை வாளியோடு இரண்டு அடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட சட்டை. பலவேசம் அவரைப் பார்த்தார். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. சாலமோன் வந்து வாளியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

பலவேசம் பரிமாறினார். கூட்டு வைத்தார், பருப்பு வைத்தார், நெய் விட்டார். சுடலைமாடன் வாய் நிறையச் சோற்றோடு அவரைப் புகழ்ந்தார். சம்பந்தியம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியபடியே இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டாள். கடைசியில் மூன்று பேரும் இலையைத் தங்கள் பக்கமாக மடித்துவிட்டு, கை கழுவ எழுந்தார்கள். அடுத்துச் சாப்பிட வந்தவர்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மேசையில் மூன்று இலை கிடந்தது.

"எலைய எடுங்கப்பா, எம்புட்டு நேரம் நிக்கது" என்றார் நின்றவர்களில் ஒருத்தர். பலவேசம் சாம்பார் வாளியோடு நின்றார். சாலமோன் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அசையவில்லை. வேண்டுமென்று நிற்கவில்லை, பயந்தும் நிற்கவில்லை. பலவேசம் என்ன செய்யப் போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றார். சுடலைமாடன் கையைத் துடைத்தபடி திரும்பி வந்தார். வந்து மேசையருகில் நின்று, இலையைப் பார்த்து, சம்பந்தியைப் பார்த்தார்.

"ஏலே சாலமோனு" என்றார் பலவேசம். தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. "என்னலே பாத்துக்கிட்டு நிக்க? எலைய எடு."

சாலமோன் கையை அவிழ்த்தார். மேசைக்கு அடியில் குனிந்து தகர வாளியை இழுத்தார். மூன்று இலையையும் எடுத்துப் போட்டு, மேசையைத் துடைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். சுடலைமாடன் அவர் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. "தையில முதல் முகூர்த்தத்திலேயே வச்சிருவோம் சம்மந்தி" என்று பலவேசத்தின் தோளில் கை போட்டார். ஆவுடையின் கல்யாணம் முடிவாகிவிட்டது. பலவேசத்துக்குச் சந்தோஷம் பொங்கி வந்தது. அது வந்ததற்காகத் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

அவர்கள் கல்லாவுக்குப் போனதும் பின்பக்கம் ஓடினார். சாலமோன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு எச்சில் தொட்டியில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்கிடாதேயும் வே. பொம்பளப் புள்ள வாழ்க்கை. அவிய போயிருவாவ. சட்டையப் போடும், வாளிய இங்க குடும்."

"இன்னைக்குப் போயிருவாவ. பெறவு நிச்சயத்துக்கு வருவாவ. கல்யாணம் முடிஞ்சாலும் அமாவாசைக்கு அமாவாசை இந்த வழியாத்தான வரணும். அப்பம் யாரு எடுக்கது?"

பலவேசம் ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார்.

"ஏத்தும்போதும் என்னியக் கேக்கல, எறக்கும்போதும் கேக்கல. எனக்கு இந்த ஏத்த எறக்கமே வேண்டாம் அண்ணாச்சி. இதுன்னா இதுலயே இருக்கேன்."

வாளியைப் பிடுங்கிவிடலாமா என்று பலவேசம் கையை நீட்டினார். முன்பக்கத்திலிருந்து தாணுமாலையன் குரல் கேட்டது. "எங்க பலவேசம்தான் இந்தக் கடைக்குத் தூணு. சப்ளையர்ல அவருதான் தலை" என்று சுடலைமாடனிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு திரும்பி வந்தது.

அவர் கூடத்துக்குப் போனார். சம்பந்திகளுக்கு முதலாளியே வெற்றிலை கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவர்கள் முக்கூடல் பஸ்ஸில் ஏறிய பிறகு, தாணுமாலையன் கல்லாவில் உட்கார்ந்து பலவேசத்தைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு பிரியம்.

"நான் மாத்தலை பாத்துக்கிடும். எல்லாம் உம்ம கண்ணு முன்னால தானா நடந்தது. ஞாயித்துக்கிழமை சங்கத்துல கேட்டா என்ன சொல்லுவீரு?"

சாலமோன் தகர வாளியோடு கூடத்துக்குள் வந்து, கல்லாவை ஒட்டியிருந்த மேசையில் இலை எடுக்க ஆரம்பித்திருந்தார். எட்டிப் பிடித்தால் தொடுகிற தூரம்.

"சாலமோனே வேண்டாம்னுட்டாருன்னு சொல்லுதேன் மொதலாளி" என்றார் பலவேசம்.

சாலமோன் அந்த மேசையைத் துடைத்து முடித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.